ஸ்வாப்ல "நட்டம்"னு வந்தா பயந்து விக்கணுமா? கம்பெனிகள் வட்டி ஹெட்ஜை மதிப்பிடுறதும் கணக்குல காட்டுறதும்



இந்தப் பதிவை என்னோட ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன். 2020-ல நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். ரோடு, பாலம் கட்டுற ஒரு கம்பெனியோட பங்குகளை மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா வாங்கி வச்சிருந்தேன். லாக்டவுன் நேரம். மார்ச் காலாண்டு ரிசல்ட் வந்தது. "டெரிவேடிவ் நட்டத்தால் லாபம் சரிவு" அப்படின்னு ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிடுச்சு. "அய்யய்யோ, கம்பெனி சூதாடிட்டாங்க போல"ன்னு நினைச்சு, மறுநாள் காலையிலேயே எல்லாத்தையும் வித்துட்டேன். என் ஒரு மாசச் சம்பளத்துல பாதி நட்டம்.

அப்புறம் ஆறு மாசம் கழிச்சு, பொறுமையா உட்கார்ந்து அந்தக் கம்பெனியோட ஆண்டறிக்கையைப் படிச்சேன். அவங்க சூதாடவே இல்லை. தங்களோட கடன் வட்டி ஏறிடக் கூடாதுன்னு ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டிருந்தாங்க. ஆனா வட்டி ஏறாம இறங்கிடுச்சு. ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில ரெப்போ விகிதத்தை 5.15 சதவீதத்தில இருந்து 4.40-க்கும், மே மாசம் 4.00-க்கும் குறைச்சது. அதனால அந்த ஒப்பந்தத்தோட மதிப்பு மைனஸ்ல போனது. அதே சமயம் அவங்க கடனுக்குக் கட்ட வேண்டிய வட்டியும் குறைஞ்சது. முதல் விஷயம் அந்தக் காலாண்டுக் கணக்குலேயே மொத்தமா வந்துடுச்சு. ரெண்டாவது விஷயம் அடுத்த மூணு நாலு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா வரப் போகுது. நான் பாதிப் படத்தைப் பார்த்துட்டு தியேட்டரை விட்டு எழுந்து வந்துட்டேன்.

நீங்க அந்தத் தப்பைப் பண்ணக் கூடாது. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கணக்கு இருக்கும், ஆனா பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். ஒரு பேப்பர், பேனா எடுத்துக்கோங்க.

முதல்ல, உங்க வீட்டுக் கடன்ல இருந்து வருவோம்

2019 அக்டோபர் 1-க்கு அப்புறம் வங்கிகள் கொடுக்குற மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் எல்லாம் வெளி அளவுகோல் ஒண்ணோட இணைக்கப்பட்டிருக்கணும்னு ரிசர்வ் வங்கி விதி. பெரும்பாலான வங்கிகள் ரெப்போ விகிதத்தோட இணைச்சிருக்காங்க. 2022 மே மாசம் வரைக்கும் ரெப்போ 4 சதவீதம். 2023 பிப்ரவரியில 6.50 சதவீதம். பத்து மாசத்துக்குள்ள ரெண்டரை சதவீதம் ஏறிடுச்சு.

30 லட்சம் ரூபாய், 20 வருஷக் கடன்னு வைங்க. 6.75 சதவீத வட்டியில இஎம்ஐ சுமார் 22,800 ரூபாய். அதே கடனுக்கு 9.25 சதவீதம்னா சுமார் 27,500 ரூபாய். மாசம் 4,700 ரூபாய் வித்தியாசம். நிறைய பேருக்கு வங்கி இஎம்ஐ-யை ஏத்தாம வருஷத்தை நீட்டி விட்டதால உடனே தெரியல. ஆனா சுமை சுமைதான்.

இப்போ உங்ககிட்ட ஒருத்தர் வந்து, "உங்க மாறும் வட்டியை நான் பார்த்துக்கிறேன், நீங்க எனக்கு ஒரே நிலையான வட்டி கொடுத்தா போதும்"னு சொன்னா எப்படி இருக்கும்? உங்களுக்கும் எனக்கும் அப்படி யாரும் வர மாட்டாங்க. ஆனா கம்பெனிகளுக்கு வருவாங்க. அதுக்குப் பேர்தான் வட்டி விகித ஸ்வாப். ஸ்வாப்னா மாத்திக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்வாப் எப்படி வேலை செய்யுது?

ஒரு கற்பனைக் கம்பெனி எடுத்துக்குவோம். பேரு "நம்ம கம்பெனி". வங்கிகிட்ட 100 கோடி ரூபாய் கடன் வாங்குது. 3 வருஷம். வட்டி வருஷத்துக்கு ஒரு தடவை. வட்டி விகிதம்: சந்தை அளவுகோல் விகிதம் கூட்டல் 2 சதவீதம். கடன் வாங்குற அன்னைக்கு அளவுகோல் 6.5 சதவீதம். ஆக முதல் வருஷ வட்டி 8.5 சதவீதம், அதாவது 8.5 கோடி. ஒவ்வொரு வருஷ ஆரம்பத்துலயும் அந்த வருஷத்துக்கான விகிதம் முடிவாகும்.

வட்டி ஏறிடுமோன்னு பயந்து, நம்ம கம்பெனி இன்னொரு வங்கியோட ஒரு ஸ்வாப் போடுது:

- நம்ம கம்பெனி வருஷா வருஷம் 6.5 சதவீதம் நிலையா கொடுக்கும்.
- அந்த வங்கி வருஷா வருஷம் அன்றைய அளவுகோல் விகிதத்தைக் கொடுக்கும்.
- கணக்குப் போட அடிப்படைத் தொகை 100 கோடி.

இங்க முக்கியமான விஷயம், அந்த 100 கோடி கை மாறவே மாறாது. வட்டியோட வித்தியாசம் மட்டும்தான் கை மாறும். இந்த 100 கோடியைத்தான் "நோஷனல்" தொகைன்னு சொல்வாங்க. செய்தியில "பத்தாயிரம் கோடி டெரிவேடிவ்"னு படிச்சா, பத்தாயிரம் கோடி ஆபத்துல இருக்குன்னு அர்த்தம் இல்லை.

ரெண்டாவது வருஷம் அளவுகோல் 7.5 ஆகிடுச்சுன்னு வைங்க. கடனுக்கு 9.5 கோடி கட்டணும். ஸ்வாப்ல 1 கோடி கைக்கு வரும். நிகரச் செலவு 8.5 கோடி. அளவுகோல் 5.5-க்கு இறங்கினா? கடனுக்கு 7.5 கோடி. ஸ்வாப்ல நம்ம கையில இருந்து 1 கோடி போகும். அப்பவும் 8.5 கோடி. எப்படிப் போனாலும் 8.5 கோடிதான். இதுக்குத்தான் ஸ்வாப் போட்டாங்க.

இந்த ஒப்பந்தத்துக்கு இன்னைக்கு என்ன விலை?

இப்போதான் கணக்கர் வேலை ஆரம்பிக்குது. நம்ம நாட்டுல பெரிய கம்பெனிகளும், லிஸ்ட் ஆன கம்பெனிகளும், பெரிய என்பிஎஃப்சி-களும் "இந்த் ஏஎஸ்"ங்கிற கணக்கியல் தரங்களைப் பின்பற்றணும். அதுல 109-வது தரம் நிதிக் கருவிகளைப் பற்றினது. அதன்படி எல்லா டெரிவேடிவ்களையும் ஒவ்வொரு கணக்கு முடிக்கிற நாள்லயும் "நியாய மதிப்பு"ல பேலன்ஸ் ஷீட்ல காட்டணும். "போட்டப்போ ஒண்ணும் கொடுக்கல, அதனால பூஜ்யம்"னு விட முடியாது.

நியாய மதிப்புன்னா என்ன? 113-வது தரம் சொல்றது இதுதான்: இன்னைக்கு இந்த ஒப்பந்தத்தை வேற ஒருத்தருக்கு முறையா கை மாத்தினா என்ன கிடைக்கும், இல்ல என்ன கொடுக்கணும். வாங்கின விலை இல்லை, வெளியே வர விலை.

நம்ம கம்பெனிக்கே போட்டுப் பார்ப்போம். முதல் வருஷக் கடைசி. அளவுகோல் 7.5 ஆகிடுச்சு, மீதி ரெண்டு வருஷமும் அப்படியே இருக்கும்னு சந்தை நினைக்குது.

படி 1: இனிமே வரப் போற பணம் என்ன? ஒவ்வொரு வருஷமும் 7.5 வரும், 6.5 போகும். நிகரம் 1 கோடி. ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு தடவை.

படி 2: அந்தப் பணத்தோட இன்றைய மதிப்பு என்ன? ஒரு வருஷம் கழிச்சு வர 1 கோடி இன்னைக்கு 1 கோடி இல்லை. 1.075 ஆல் வகுத்தா 0.93 கோடி. ரெண்டு வருஷம் கழிச்சு வர 1 கோடியை ரெண்டு தடவை வகுத்தா 0.865 கோடி.

படி 3: கூட்டுங்க. சுமார் 1.80 கோடி.

அவ்வளவுதான் ஸ்வாப் மதிப்பீடு! நம்ம கம்பெனி பேலன்ஸ் ஷீட்ல 1.80 கோடி சொத்து. விகிதம் 5.5-க்கு இறங்கியிருந்தா இதே கணக்கு தலைகீழா வரும். வருஷம் 1 கோடி கொடுக்கணும், 1.055 ஆல் வகுக்கணும், சுமார் 1.85 கோடி கடன்பாடு. ரெண்டும் ஒரே அளவு ஏற்ற இறக்கம்தான், ஆனா தொகை கொஞ்சம் வேற வருது பாருங்க. விகிதம் குறைஞ்சா எதிர்காலப் பணத்தோட இன்றைய மதிப்பு கூடும், அதான் காரணம்.

நிஜத்துல இதை விடக் கொஞ்சம் சிக்கல். ஒவ்வொரு வருஷத்துக்கும் சந்தை வேற வேற விகிதத்தை எதிர்பார்க்கும். அதனால ஒரே எண்ணுக்குப் பதிலா ஒரு வட்டி வளைகோட்டையே பயன்படுத்துவாங்க. ரூபாய் ஸ்வாப்கள்ல பெரும்பகுதி மைபார்ங்கிற ஓவர்நைட் விகிதத்தை அடிப்படையா வச்சது. டாலர் கடன்னா முன்னாடி லைபார் இருந்தது. முக்கியமான டாலர் லைபார் விகிதங்கள் 2023 ஜூன் 30-ஓட நின்னு போச்சு, இப்போ சோஃபர்.

இன்னொரு படியும் இருக்கு. எனக்கு 1.80 கோடி தர வேண்டிய வங்கி நாளைக்கு மூழ்கிட்டா? அந்த ஆபத்துக்கும் ஒரு சின்னத் தொகையைக் கழிக்கணும். நான் கொடுக்க வேண்டிய நிலையில இருந்தா, நானே மூழ்குற வாய்ப்பையும் கணக்குல எடுக்கணும். நல்ல வங்கிகளோட போட்ட ஒப்பந்தத்துல இது பொதுவா சின்னதா இருக்கும்.

ஆண்டறிக்கையில "லெவல் 1, 2, 3"ன்னு பார்த்திருப்பீங்க. லெவல் 1 என்றால் பங்குச் சந்தையில நேரடியா விலை தெரியுது. லெவல் 2 என்றால் நேரடி விலை இல்லை, ஆனா சந்தையில தெரியுற விகிதங்களை வச்சுக் கணக்குப் போடலாம். லெவல் 3 என்றால் முக்கியமான எண்களையே கம்பெனி தன் அனுமானத்துல போடுது. நம்ம சாதாரண ஸ்வாப் லெவல் 2. ஒரு கம்பெனியோட ஸ்வாப் லெவல் 3-ல இருந்தா "ஏன்?"னு ஒரு கேள்வி வரணும்.

அந்த 1.80 கோடி எங்கே போகும்? இதான் மேட்டர்

பேலன்ஸ் ஷீட்ல ஒரு பக்கம் சொத்து ஏறிடுச்சு. மறுபக்கம் எங்கேயாவது வரணும் இல்லையா? ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி, சாதாரண வழி. மதிப்பு மாற்றம் முழுக்க அந்த வருஷ லாப நட்டக் கணக்குக்குப் போகும்.

ரெண்டாவது வழி, ஹெட்ஜ் கணக்கியல். "இந்த ஸ்வாப் இந்தக் கடனோட வட்டிக்காகப் போட்டது"ன்னு முன்னாடியே ஆவணத்துல எழுதி வச்சா, மதிப்பு மாற்றம் லாப நட்டத்துக்குப் போகாம "பிற முழுமையான வருமானம்"ங்கிற பகுதிக்குப் போகும். ஆங்கிலச் சுருக்கத்துல ஓசிஐ. அங்கிருந்து "பணப்பாய்வு ஹெட்ஜ் இருப்பு"ன்னு ஒரு தனி டப்பாவுல உட்கார்ந்திருக்கும். கடன் வட்டி கணக்குல வர அந்தந்த வருஷத்துல, அந்த டப்பாவுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்து லாப நட்டத்துல சேர்ப்பாங்க.

நம்ம கம்பெனிக்கு மூணு வருஷமும் போட்டுப் பார்ப்போம். முதல் வருஷம் 6.5, அப்புறம் ரெண்டு வருஷமும் 7.5. வரியை விட்டுடுவோம். லாப நட்டக் கணக்குல தெரியுற நிகர வட்டிச் செலவு இது:

- ஸ்வாப்பே போடலைன்னா: 8.50 கோடி, 9.50 கோடி, 9.50 கோடி. மொத்தம் 27.50 கோடி.
- ஸ்வாப் போட்டு, ஹெட்ஜ் கணக்கியலும் இருந்தா: 8.50, 8.50, 8.50. மொத்தம் 25.50 கோடி.
- ஸ்வாப் போட்டு, ஹெட்ஜ் கணக்கியல் இல்லைன்னா: 6.70, 9.37, 9.43. மொத்தம் 25.50 கோடி.

கடைசி ரெண்டு வரியையும் திரும்பப் பாருங்க. மொத்தம் ஒண்ணுதான். கை மாறின பணமும் அதே பணம்தான். ஆனா மூணாவது வரியில முதல் வருஷம் 1.80 கோடி லாபம் திடீர்னு குதிக்குது, அடுத்த ரெண்டு வருஷம் செலவு ஏறின மாதிரி தெரியுது. வியாபாரத்துல ஒரு மாற்றமும் இல்லை.

மூணாவது வரியில 9.37 எப்படி வந்ததுன்னு கேக்குறீங்களா? வருஷ ஆரம்பத்துல ஸ்வாப் மதிப்பு 1.80. அந்த வருஷம் 1 கோடி கைக்கு வந்துடுச்சு. வருஷக் கடைசியில மீதி மதிப்பு 0.93. வந்தது 1, மிச்சம் 0.93, ரெண்டும் சேர்த்து 1.93. ஆரம்பத்துல இருந்தது 1.80. அப்போ அந்த வருஷத்துக்கான லாபம் 0.13 தான். 9.50-ல இருந்து 0.13 கழிச்சா 9.37.

இப்போ விகிதம் 5.5-க்கு இறங்கின கதையை மூணாவது வழியில போடுங்க. முதல் வருஷம் 8.50 கூட்டல் 1.85, ஆக 10.35 கோடி. "டெரிவேடிவ் நட்டத்தால் லாபம் சரிவு"! நான் 2020-ல பார்த்த வரி இதேதான். அந்தக் கம்பெனி ஹெட்ஜ் கணக்கியலைத் தேர்ந்தெடுக்கல. அதனால எதிர்காலத்துல கட்டப் போற வித்தியாசம் முழுக்க ஒரே காலாண்டுல வந்து விழுந்தது.

இந்த "நட்டம்" பொய்யான்னு கேட்டா, பொய் இல்லை. ஸ்வாப் போடாம இருந்திருந்தா அந்தக் காசு மிச்சமாகியிருக்கும். ஆனா அது இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி. இந்த வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போகலைங்கிறதுக்காக ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை "நட்டம்"னு சொல்வோமா?

இன்னொரு வகையும் இருக்கு

மேல பார்த்தது பணப்பாய்வு ஹெட்ஜ். மாறும் வட்டியை நிலையாக்குறது. இதுக்கு நேர் எதிரானது நியாய மதிப்பு ஹெட்ஜ்.

ஒரு என்பிஎஃப்சி நிலையான வட்டிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டிருக்கு. ஆனா அது கொடுக்குற கடன்கள் எல்லாம் மாறும் வட்டி. வட்டி இறங்கினா வரவு குறையும், செலவு குறையாது. அதனால தன் நிலையான வட்டியை மாறும் வட்டியா மாத்த ஸ்வாப் போடுது. இந்த வகையில ஸ்வாப்போட மதிப்பு மாற்றம் நேரா லாப நட்டத்துக்குத்தான் போகும். ஆனா கூடவே, கடன் பத்திரத்தோட மதிப்பையும் வட்டி மாற்றத்துக்கு ஏத்த மாதிரி திருத்தி, அதையும் லாப நட்டத்துல போடுவாங்க. ஸ்வாப்ல 1.80 கோடி நட்டம், கடன் பத்திரத்துல 1.80 கோடி லாபம், ரெண்டும் அடிச்சுக்கும். சரியா பொருந்தாத சில்லறை மட்டும் லாப நட்டத்துல தெரியும்.

சும்மா எழுதி வச்சா போதுமா?

போதாது. ஹெட்ஜ் கணக்கியல் வேணும்னா மூணு விஷயத்தைக் காட்டணும்.

ஒண்ணு, கடனுக்கும் ஸ்வாப்புக்கும் நிஜமான பொருளாதாரத் தொடர்பு இருக்கணும். ஒண்ணு ஏறினா மத்தது அதை ஈடு கட்டணும்.

ரெண்டு, எதிர்த் தரப்பு மூழ்கிடுமோங்கிற கடன் ஆபத்து அந்தத் தொடர்பை விழுங்கிடக் கூடாது.

மூணு, அளவு பொருந்தணும். கடன் 100 கோடி, ஸ்வாப் 120 கோடின்னா, அந்த மேல் 20 கோடிக்கு எந்தக் கடனும் இல்லை. அந்தப் பகுதிக்கு ஹெட்ஜ் கணக்கியல் கிடையாது, அதோட ஏற்ற இறக்கம் நேரா லாப நட்டத்துக்கு.

இதெல்லாம் ஆரம்பத்துலயே ஆவணமா இருக்கணும். ஸ்வாப் நட்டத்துல போனதுக்கு அப்புறம், "இது ஹெட்ஜ்தான் சார்"னு பின் தேதியிட்டு எழுத முடியாது. லாபமா இருக்கும்போது ஒரு வழி, நட்டமா இருக்கும்போது இன்னொரு வழின்னு தாவ முடியாம இருக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு.

அதே மாதிரி, பாதியில அந்தக் கடனையே அடைச்சுட்டா? இனிமே அந்த வட்டி வரவே வராது. அப்போ டப்பாவுல இருக்குற தொகை உடனே லாப நட்டத்துக்கு வந்தாகணும். ஒரு வருஷம் திடீர்னு பெரிய தொகை ஓசிஐ-ல இருந்து வெளியே வந்தா, காரணம் இதுவா இருக்கலாம்.

கணக்கு காட்டாத நட்டம்: ஒரு நிஜக் கதை

இதுவரைக்கும் "தெரியுற நட்டத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க"ன்னு சொன்னேன். இப்போ மறுபக்கம். தெரியாத நட்டம்தான் நிஜமா கொல்லும்.

அமெரிக்காவுல சிலிக்கான் வேலி வங்கி. ஸ்டார்ட்அப் கம்பெனிகளோட டெபாசிட் பணத்தை வாங்கி, நீண்ட கால நிலையான வட்டிப் பத்திரங்கள்ல போட்டிருந்தது. வட்டி ஏறினா இந்தப் பத்திரங்களோட விலை விழும். 2021 கடைசியில இந்த வங்கி 10 பில்லியன் டாலருக்கு மேல நோஷனல் உள்ள ஸ்வாப்களை ஹெட்ஜா வச்சிருந்தது. 2022-ல அதுல பெரும்பாலானதை எடுத்துட்டாங்க. அதே வருஷம்தான் அமெரிக்க மத்திய வங்கி பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருந்த வட்டியை ஏத்த ஆரம்பிச்சது. 2023 பிப்ரவரியில அது 4.50 முதல் 4.75 சதவீதம்.

பத்திரங்கள்ல பெரும்பகுதி, சுமார் 91 பில்லியன் டாலர், "முதிர்வு வரை வைத்திருப்பவை"ன்னு வகைப்படுத்தப்பட்டிருந்தது. அந்த வகைக்குச் சந்தை விலை ஏற்ற இறக்கத்தைக் கணக்குல ஏத்த வேண்டியதில்லை, குறிப்புல சொன்னா போதும். அமெரிக்க விதிப்படி அந்த வகைப் பத்திரங்களோட வட்டி ஆபத்துக்கு ஹெட்ஜ் கணக்கியலும் கிடையாது. 2022 கடைசியில அவற்றோட சந்தை மதிப்பு சுமார் 15 பில்லியன் டாலர் குறைவா இருந்தது. வங்கியோட மொத்த மூலதனமே சுமார் 16 பில்லியன்தான்!

2023 மார்ச் 8-ம் தேதி, விற்பனைக்கான வகையில இருந்த சுமார் 21 பில்லியன் டாலர் பத்திரங்களை வித்துட்டோம், 1.8 பில்லியன் நட்டம்னு அறிவிச்சாங்க. மறுநாள் ஒரே நாள்ல 42 பில்லியன் டாலர் டெபாசிட் வெளியே போச்சு. 10-ம் தேதி வங்கி மூடப்பட்டது. அப்புறம் மத்திய வங்கி வெளியிட்ட ஆய்வறிக்கை, குறுகிய கால லாபத்தை நோக்கி ஹெட்ஜ்களை எடுத்ததை ஒரு முக்கியக் குறையா சொன்னது.

என் கம்பெனியில டெரிவேடிவ் நட்டம் தெரிஞ்சது, கடன்ல கிடைச்ச ஆதாயம் தெரியல. இந்த வங்கியில லாபம் தெரிஞ்சது, பத்திர நட்டம் குறிப்புக்குள்ள ஒளிஞ்சிருந்தது. ரெண்டுலயும் பாடம் ஒண்ணுதான்: கணக்கு ஒரு பக்கத்தைக் காட்டும்போது, மறுபக்கம் எங்கேன்னு தேடுங்க.

ஆண்டறிக்கையில பார்க்க வேண்டிய அஞ்சு இடம்

1. பேலன்ஸ் ஷீட். என்பிஎஃப்சி-கள்ல "டெரிவேடிவ் நிதிக் கருவிகள்"னு தனி வரியே இருக்கும், சொத்துப் பக்கமும் கடன்பாட்டுப் பக்கமும். மத்த கம்பெனிகள்ல "பிற நிதிச் சொத்துகள்", "பிற நிதிக் கடன்பாடுகள்"ங்கிற வரிகளோட குறிப்புக்குள்ள தேடுங்க.

2. ஓசிஐ பகுதி. "பின்னர் லாப நட்டத்துக்கு மாற்றப்படும் இனங்கள்"ங்கிற தலைப்புக்குக் கீழே பணப்பாய்வு ஹெட்ஜ் தொகை இருக்கும். அது இருந்தா, ஹெட்ஜ் கணக்கியல் பண்றாங்கன்னு அர்த்தம். பெரிய மைனஸ் இருந்தா, அது வரும் வருஷங்கள்ல லாபத்தைக் கடிக்கப் போற தொகை. ஆனா ஈடா கடன் வட்டியும் குறைஞ்சிருக்கும்.

3. நோஷனலும் கடனும். மாறும் வட்டிக் கடன் 1,000 கோடி, ஸ்வாப் நோஷனல் 800 கோடின்னா பாதுகாப்பு. ஸ்வாப் 2,000 கோடின்னா? அது ஹெட்ஜ் இல்லை, பந்தயம்.

4. என்ன மேல ஒப்பந்தம்? கடன் எந்த அளவுகோல்ல, எந்தக் கரன்சியில இருக்கோ அதே மேலதான் ஒப்பந்தமும் இருக்கணும். 2007-08-ல திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலர் கரன்சி டெரிவேடிவ்கள்ல அடிபட்டதை நம்ம ஊர் மறந்திருக்காது. டாலர்ல சம்பாதிச்சவங்க, சுவிஸ் ஃபிராங்க் மாதிரி தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத கரன்சி மேல ஒப்பந்தம் போட்டிருந்தாங்க. அது வட்டி ஸ்வாப் இல்லைதான், ஆனா சோதனை அதேதான்.

5. உணர்திறன் குறிப்பு. "வட்டி 1 சதவீதம் ஏறினா லாபம் இவ்வளவு மாறும்"னு ஒரு அட்டவணை இருக்கும். சில கம்பெனிகள் 0.5 சதவீதத்துக்குப் போடுவாங்க. ஹெட்ஜ் எல்லாம் போக மீதி எவ்வளவு ஆபத்து இருக்குன்னு ஒரே இடத்துல தெரியும். நேரம் இல்லைன்னா இது ஒண்ணை மட்டுமாவது படிங்க.

கடைசியா

ரிசல்ட்ல "டெரிவேடிவ் நட்டம்"னு ஒரு வரி பார்த்தா, விக்கிற பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இது எந்தக் கடனுக்காகப் போட்டது? அளவு பொருந்துதா? நட்டம் ஓசிஐ-ல இருக்கா, லாப நட்டத்துல இருக்கா? மூணுக்கும் நல்ல பதில் கிடைச்சா தூங்கலாம். முதல் கேள்விக்கே பதில் இல்லைன்னா, அப்போ பயப்படுங்க. அந்தப் பயம் நியாயமானது.

நான் அந்த மூணு கேள்வியையும் 2020-ல கேக்கல. அரை மாசச் சம்பளம் ஃபீஸ் கட்டிக் கத்துக்கிட்டேன். நீங்க இருபது நிமிஷத்துல கத்துக்கிட்டீங்க.

வீட்டுப்பாடம் ஒண்ணு. நம்ம கம்பெனி கணக்கையே எடுத்துக்கோங்க. ரெண்டாவது வருஷத்துல இருந்து அளவுகோல் 8.5 சதவீதம்னு மாத்திப் போடுங்க. முதல் வருஷக் கடைசியில ஸ்வாப் மதிப்பு என்ன? சரியா போட்டா சுமார் 3.54 கோடி வரணும். வரலைன்னா, 1.085 ஆல் வகுத்தீங்களான்னு பாருங்க. இதே கணக்கை எக்செல்ல போட்டுக் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல வரும்.

இது பாடம் மட்டும்தான், எந்தப் பங்கையும் வாங்கவோ விக்கவோ சொல்லும் ஆலோசனை இல்லை. உங்க பணம், உங்க முடிவு.